பாஸ்மதியை வடிப்பதா, வற்ற வைப்பதா, விசில் விடுவதா?

எந்த பாஸ்மதி வாங்குவது என்று யோசிக்கும் நேரத்தில் பாதிகூட அதை எப்படி வேக வைப்பது என்று யாரும் யோசிப்பதில்லை. பாக்கெட்டின் பின்பக்கம் ஓர் அளவு போட்டிருக்கும். நம் அடுப்பில், நம் பாத்திரத்தில் அந்த அளவு ஒரு நாள் சரியாக வரும், இன்னொரு நாள் குழையும். எல்லாம் கைப்பக்குவம் என்று சொல்லிவிட்டால் பேச்சு அதோடு முடிந்துவிடும். ஆனால் கொஞ்சம் கவனித்தால் ஒன்று புரியும். "போதும், அடுப்பை அணை" என்று நமக்குச் சொல்வது ஒவ்வொரு முறையிலும் வேறு வேறு. வடிக்கும்போது பருக்கை சொல்கிறது. மூடி போட்டு வற்ற வைக்கும்போதும், மின்சார ரைஸ் குக்கரிலும் தண்ணீர் சொல்கிறது. பிரஷர் குக்கரில் விசில் சொல்கிறது, அல்லது சொல்வதாக நாம் நம்புகிறோம். கையில் இருக்கும் அரிசிக்கு இந்த மூன்றில் எதை நம்பலாம் என்று பார்த்தால் முறை தானாக முடிவாகிவிடும்.

அதனால் அடுப்புக்கு முன்னால் அரிசியைப் பார்த்துவிடலாம்.

கையில் இருப்பது எந்த அரிசி?

பாஸ்மதி என்ற ஒரே பெயரில் வந்தாலும் உலையில் எல்லாம் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. நெல்லை அப்படியே அரைத்துப் பச்சரிசியாக வருவது ஒரு ரகம். நெல்லை ஊறவைத்து, அவித்து, காயவைத்து அரைப்பது செல்லா. பாஸ்மதியில் புழுங்கல் என்று வைத்துக்கொள்ளலாம். 'ஸ்டீம்' என்று போட்டு வருவது இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கும். அதில் நெல்லுக்கு ஆவி மட்டும் காட்டியிருப்பார்கள்.

செல்லாவில் மாவுச்சத்து உமிக்குள் இருக்கும்போதே ஒரு தடவை வெந்து, மறுபடி இறுகிவிடுகிறது. அதனால்தான் அது சுலபத்தில் உடையாது, குழையாது. கவனிக்காமல் 3 நிமிடம் கூட விட்டுவிட்டாலும் பொறுத்துக்கொள்ளும். ஆனால் வாசனை குறைவு, ஊறவும் வேகவும் நேரம் அதிகம், தண்ணீரும் அதிகம் குடிக்கும். பச்சரிசி பாஸ்மதி இதற்கு நேர் எதிர். வாசனையும் மென்மையும் உண்டு, பொறுமை கிடையாது. 2 நிமிடத்தில் உதிரிச் சோறு குழைந்த சோறாகிவிடும்.

நீளத்தைப் பார்த்து வாங்குகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. இந்தியாவில் 2003இல் வெளியிடப்பட்ட பூசா பாஸ்மதி 1121 ரகத்தின் மணி, அரிசியாகவே 8 மில்லிமீட்டருக்குக் கிட்ட இருக்கும். வெந்தால் அதைப்போல 2 மடங்குக்கு மேல் நீளும். தட்டில் பார்க்க அதற்கு ஈடில்லை. வாசனை என்று வந்தால், 1933இல் வெளிவந்த பாஸ்மதி 370 போன்ற பழைய ரகங்களின் பக்கம்தான் பலரும் நிற்பார்கள். அவற்றின் மணி சிறியதுதான். நீளம், வாசனை இரண்டும் ஒரே பாக்கெட்டில் உச்சத்தில் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

அந்த வாசனைக்கு முக்கியக் காரணமான சேர்மத்தின் பெயர் 2-அசிட்டைல்-1-பைரோலின். சமைத்த அரிசியின் மணத்தில் அதன் பங்கை 1982இல் கண்டறிந்தார்கள். ரம்பை இலையிலும் இதேதான் இருக்கிறது. சட்டென்று ஆவியாகிவிடும் பொருள் என்பதால் அரிசி மூட்டையில் இருக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். "2 வருடம் பழசு, வாசனை தூக்கும்" என்று சொல்லி விற்கிறார்களே, அதில் பாதிதான் உண்மை. பழைய அரிசியில் ஈரம் குறைந்து மணி இறுகியிருக்கும், மாவு தண்ணீரில் கரைந்து வருவதும் குறையும். அதனால் நன்றாக நீண்டு உதிரியாக வரும். பழசாக்குவதில் கிடைக்கும் லாபம் இதுதான். வாசனை கூடுவதால் அல்ல. புது அரிசி மணக்கும், ஆனால் ஒட்டும். இதைத் தெரிந்துகொண்டால், ஒரே அளவு தண்ணீர் ஒரு பாக்கெட்டுக்குப் போதாமலும் இன்னொரு பாக்கெட்டுக்கு மிஞ்சியும் போவது ஏன் என்று புரியும்.

ஊறவைப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பச்சரிசி பாஸ்மதி என்றால் 20 முதல் 30 நிமிடம், செல்லா என்றால் 1 மணி நேரமாவது. 2, 3 தண்ணீரில் களைந்து, விரலால் மெல்லக் கலக்கி விட்டால் போதும், கசக்க வேண்டாம். கண்ணாடி போல இருந்த மணி பால்வெள்ளையாக மாறியிருந்தால் ஊறிவிட்டது என்று அர்த்தம். அந்த அரை மணியில் அரிசி தன் எடையில் ஏறக்குறைய கால் பங்கு தண்ணீரைக் குடித்திருக்கும். நடுப்பகுதிவரை ஈரம் போய்ச் சேர்ந்திருப்பதால், வெளியே குழைந்து உள்ளே நறுக்கென்று நிற்காமல் ஒரே சீராக வேகும். ரொம்ப நேரம் ஊறினால் பச்சரிசி மணி தொட்டாலே ஒடியும். அவசரத்துக்கு ஊறவைக்காமல் சமைக்க முடியாதா என்றால், முடியும். நீளம் குறையும், தண்ணீரும் நேரமும் கூட வேண்டும்.

வடிப்பது

அறிமுகமில்லாத அரிசி என்றால் நான் யோசிக்காமல் சொல்வது இதைத்தான். மற்ற முறைகளில் அடுப்பை மூட்டும் முன்பே எல்லாம் முடிவாகிவிடும்; இதில் மட்டும் கடைசி நிமிடம்வரை நம் கையில் இருக்கிறது.

உலைத் தண்ணீர் அரிசியைப் போல 6 மடங்காவது இருக்கட்டும். உப்பில் பெரும்பகுதி கஞ்சியோடு போய்விடும் என்பதால் கொஞ்சம் தாராளமாகவே போடலாம். தண்ணீரை நாக்கில் வைத்தால் லேசாகக் கரிக்க வேண்டும். தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போதுதான் ஊறிய அரிசியைப் போட வேண்டும். போட்டவுடன் கொதி அடங்கும். அடியில் ஒட்டாமல் இருக்க ஒரே ஒரு தடவை கரண்டியை அடிவரை விட்டுத் திருப்பிவிட்டு, அப்புறம் தொடாமல் இருப்பது நல்லது. மறுபடி கொதி வந்ததிலிருந்து நேரத்தை எண்ண வேண்டும்.

3 நிமிடம் ஆனதும் ஒரு பருக்கையை எடுத்துக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நசுக்கிப் பாருங்கள். 3, 4 துண்டாக உடையும். ஒவ்வொரு துண்டின் நடுவிலும் வெள்ளைப் புள்ளி தெரியும். பிரியாணிக்குத் தம் போடப் போகிறவர்கள் இந்த நிலை தாண்டியதும் எடுத்துவிட வேண்டும். மிச்சம் தம்மில் வேகும். வெறும் சோறாகச் சாப்பிடுவதற்கு என்றால் இன்னும் 2, 3 நிமிடம். இப்போது நசுக்கினால் துண்டாகாமல் மசியும். ஆனால் நடுவில் மெல்லிய நறுக்கு ஒன்று விரலில் தட்டுப்படும். வடிக்கும் நேரம் அதுதான். அந்த நறுக்கு, வடித்த பிறகு உள்ளே இருக்கும் சூட்டிலேயே வெந்துவிடும். அதுவும் மறையட்டும் என்று காத்திருந்து வடித்தால் தட்டுக்கு வரும்போது குழைந்திருக்கும். செல்லாவுக்கு இந்தக் கணக்கு 10 நிமிடத்தையும் தாண்டலாம். கடிகாரத்தைவிட விரலை நம்புவது மேல்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதெல்லாம் வடிக்கும் அடுப்பில்தான் செல்லும். நிறையத் தண்ணீரில் எல்லா மணியும் புரண்டு ஒரே சூட்டில் வேகிறது. மூடிய பாத்திரத்தில் மேலே இருக்கும் பருக்கை ஒன்று சொல்லும், அடியில் இருப்பது வேறொன்று சொல்லும்.

வடித்த சோற்றை வடிகட்டியிலேயே விட்டுவிட்டால் அடிப்பக்கம் ஈரம் தங்கும். அகலமான தட்டில் பரப்பலாம். இல்லையென்றால் அதே சூடான பாத்திரத்தில் திருப்பிப் போட்டு, மூடியைக் கொஞ்சம் திறந்தாற்போல் வைத்து 5 நிமிடம் விடலாம். வேகும் தண்ணீரில் எலுமிச்சைச் சாறு சில சொட்டு விடுகிறார்களே, அதற்குக் காரணம் உண்டு. காரத்தன்மை, அதாவது புளிப்புக்கு நேர் எதிரான குணம், உள்ள தண்ணீரில் சோறு லேசாக மஞ்சளிக்கும். புளிப்பு அதைத் தடுத்து வெள்ளையாக வைக்கிறது.

வடிப்பதன் குறைகளும் சின்னதல்ல. கொதிக்கும் பானையைத் தூக்கிச் சாய்க்கிற வேலை இருக்கிறது. அரிசி 1 கிலோவைத் தாண்டினால் அது தனி ஆள் செய்யக்கூடிய வேலையே இல்லை. வாசனையில் கொஞ்சம் ஆவியோடும், கொஞ்சம் கஞ்சியோடும் போகும். தண்ணீரில் கரையும் பி வைட்டமின்களும் கூடவே போகும். இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. அரிசியில் இருக்கக்கூடிய கனிமவகை ஆர்செனிக் என்ற நச்சு, 6 முதல் 10 மடங்கு தண்ணீரில் வேக வைத்து வடித்தால் 40 முதல் 60 சதவீதம்வரை குறையும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சொல்கிறது. சமைக்கும் தண்ணீர் சுத்தமாக இருந்தால்தான் இந்தக் கணக்கு. வீட்டில் தினமும், 3 வேளையும் அரிசிதான் என்றால் இதையும் மனதில் வைத்துக்கொள்ளலாம். எப்போதாவது செய்யும் பாஸ்மதிக்கு இதை ஒரு காரணமாக வைத்து முறையைத் தேர்ந்தெடுக்கத் தேவையில்லை.

மசாலாவும் காய்கறிச் சாறும் அரிசிக்குள் இறங்க வேண்டிய புலாவுக்கு வடிப்பது ஒத்துவராது. சாறு முழுக்கக் கஞ்சியோடு போய்விடும்.

வற்ற வைப்பது

அளந்த தண்ணீர், கனமான அடி, இறுக்கமான மூடி. வாசனை முடிந்தவரை உள்ளேயே நிற்கும். புலாவ் என்றால் இதுதான் வழி. ஊறிய பச்சரிசி பாஸ்மதிக்கு 1 கப்புக்கு ஒன்றரை கப் தண்ணீர், ஊறாததற்கு 2 கப் வரை, ஊறிய செல்லாவுக்கும் ஏறக்குறைய 2 கப். இதெல்லாம் ஆரம்பக் கணக்கு. பழைய அரிசிக்குக் கொஞ்சம் கூட்டவும், புது அரிசிக்குக் குறைக்கவும் வேண்டியிருக்கும்.

பெரும்பாலானவர்களுக்குக் கூட்டம் வரும் நாளில்தான் இந்த முறை காலை வாரும். அளவைப் பெருக்கும் விதத்தில்தான் கோளாறு. 1 கப்புக்கு ஒன்றரை, அப்படியானால் 4 கப்புக்கு 6 என்று கணக்குப் போடுகிறோம். அந்த ஒன்றரை கப் தண்ணீர் முழுவதையும் அரிசி குடிப்பதில்லை. அது குடிப்பது போக மிச்சம் ஆவியாகப் போகிறது. ஆவியாகும் அளவு பாத்திரத்தின் வாயகலம், மூடியின் இறுக்கம், அடுப்பில் இருக்கும் நேரம் இவற்றைப் பொறுத்தது. அரிசி 4 மடங்கானாலும் அதே பாத்திரத்தில் ஆவி 4 மடங்காவதில்லை. அதனால் 4 கப்புக்கு 5 கப்பைச் சுற்றித் தண்ணீர் வைத்தால் போதும். 6 வைத்தால் அடிப்பாதி களியாகும். இதே காரணத்தால் அரை கப் மட்டும் சமைக்கும்போது முக்கால் கப் தண்ணீர் போதாமல் போகும். தனியாக இருக்கிறவர்கள் "எனக்கு மட்டும் நடு வேகவே மாட்டேன் என்கிறது" என்று சொல்வது இதனால்தான்.

தண்ணீர் கொதித்ததும் அரிசியைப் போட்டு, மூடாமல் நல்ல தீயில் விட்டால் சில நிமிடத்தில் தண்ணீர் அரிசி மட்டத்துக்கு இறங்கி, மேலே கண் கண்ணாக ஓட்டை விழும். அப்போது தீயை முடிந்தவரை குறைத்து மூட வேண்டும். 10, 12 நிமிடம். அணைத்த பிறகும் 10 நிமிடம் மூடியைத் திறக்கக் கூடாது. இந்தக் கடைசி 10 நிமிடத்தைத்தான் பலரும் தின்றுவிடுகிறார்கள். அணைத்தவுடன் அடியில் ஈரம் அதிகமாகவும் மேலே குறைவாகவும் இருக்கும், மணியும் சொதசொதவென்று இருக்கும். அந்த நேரத்தில் ஈரம் பரவி, மணி கொஞ்சம் இறுகும். அதற்குள் கரண்டி விட்டால் எல்லாம் குருணையாகும். பிறகு முள்கரண்டியால் ஓரத்திலிருந்து மெல்ல உதிர்த்துவிடலாம். மூடியில் வியர்த்த நீர் சொட்டுவதுதான் தொல்லை என்றால் மூடிக்கு அடியில் சுத்தமான துணி ஒன்றை வைத்து மூடலாம். துணியின் நுனி தீப்பக்கம் தொங்காமல் மேலே சுருட்டிக் கட்டிவிட வேண்டும்.

ரைஸ் குக்கர் செய்வதும் இதே வேலைதான். 1955இல் ஜப்பானில் தோஷிபா விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் தானியங்கிக் குக்கரிலிருந்து இன்றைய ஒற்றை ஸ்விட்ச் குக்கர்வரை அடிப்படை ஒன்றே: தண்ணீர் தீர்ந்தால் அணை. உள்ளே தண்ணீர் இருக்கும்வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது. தீர்ந்ததும் விறுவிறுவென்று ஏறும். அதை உணர்ந்து ஸ்விட்ச் விழுகிறது. சோறு வெந்ததா என்பது அதற்குத் தெரியாது. தண்ணீர் அதிகம் வைத்தால் குழையும்வரை வேக வைத்துவிட்டுத்தான் அணையும். ஆக, அளவு சரியாக இருந்தால் தினமும் ஒரே பதம் கிடைக்கும். தவறாக இருந்தால் தினமும் ஒரே தவறு.

அந்த அளவு தவறுவதற்கு இரண்டு இடங்கள் உண்டு. குக்கரோடு வரும் கப் பெரும்பாலும் 180 மில்லி. சமையலில் நாம் கப் என்று சொல்வது 240 மில்லி. அரிசியை ஒன்றிலும் தண்ணீரை இன்னொன்றிலும் அளந்தால் கதை முடிந்தது. அப்புறம், பாத்திரத்தின் உட்புறம் போட்டிருக்கும் கோடுகள் பல குக்கர்களில் குட்டை அரிசிக்குப் போட்டவை. ஊறிய பாஸ்மதிக்கு அந்தக் கோடுவரை தண்ணீர் விட்டால் அதிகம். ஸ்விட்ச் விழுந்த பிறகு 10 நிமிடம் விட்டு இணைப்பைப் பிடுங்கிவிடுங்கள். சூடாக வைக்கும் நிலையிலேயே விட்டால் அடிச்சோறு காய்ந்து வறட்டி தட்டும்.

ஒரே பிராண்டு, ஒரே அளவு, தினசரிச் சமையல் என்றால் ரைஸ் குக்கரை அடிக்க ஆளில்லை. அடிக்கடி அரிசியை மாற்றுகிறவர்களுக்கு அது அவ்வளவு உதவாது. மைக்ரோவேவிலும் பாஸ்மதி வரும். ஆனால் மூடிய பாத்திரத்தில் அளந்த தண்ணீர் என்ற அதே கணக்குதான். ஒருவருக்குச் சமைக்க வசதி, கூட்டத்துக்குச் சரிப்படாது.

விசில்

வீட்டில் எது இருக்கிறதோ இல்லையோ, பிரஷர் குக்கர் இருக்கும். பாஸ்மதிக்கு அது கடைசித் தேர்வு என்பது என் கட்சி. உள்ளே சூடு 120 டிகிரியை நெருங்குகிறது. மென்மையான பச்சரிசி மணிக்கு அங்கே ஒரு நிமிடம் கூடுவதும் குறைவதும் பெரிய வித்தியாசம். இதை அளக்க நாம் நம்புவதோ விசிலை. விசில் நேரத்தின் அளவே அல்ல. தீ பெரிதா சிறிதா, உள்ளே எவ்வளவு தண்ணீர், எவ்வளவு இடம் காலி என்பதைப் பொறுத்து முதல் விசில் சீக்கிரமும் வரும், தாமதமாகவும் வரும். 1 கப்புக்கு 1 விசிலில் சரியாக வந்தது 4 கப்புக்கு அதே 1 விசிலில் வேறு மாதிரி வரும். முதல் விசில் வருவதற்குள்ளேயே அது அதிக நேரம் கொதித்திருக்கும்.

அணைத்த பிறகும் சிக்கல் தீராது. ஆவி தானாக அடங்கும்வரை விட்டால் அத்தனை நேரமும் சோறு வெந்துகொண்டே இருக்கும். உடனே முழு ஆவியையும் எடுத்தால் மணிக்குள் இருக்கும் தண்ணீர் ஒரேயடியாகக் கொதித்து, மணி வெடித்து வாய் பிளக்கும். இரண்டுக்கும் நடுவில் போக வேண்டும். அணைத்து 5 நிமிடம் விட்டு, மிச்ச ஆவியைக் கரண்டியால் வெயிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கி வெளியேற்றி, அழுத்தம் முழுக்க இறங்கிய பிறகே திறக்கலாம். ஊறிய அரிசி 1 கப்புக்குத் தண்ணீர் ஒன்றேகால் கப். ஆவி அதிகம் வெளியேறாது என்பதால் இதற்கு மேல் வேண்டாம். வெயிட் போடாமல் குக்கரை வெறும் இறுக்கமான மூடியுள்ள பாத்திரமாக, சிறு தீயில் பயன்படுத்துகிறவர்களும் உண்டு. அது மேலே சொன்ன வற்ற வைக்கும் முறைதான், நன்றாகவே வரும்.

குக்கரை எடுத்தே ஆக வேண்டிய இடம் ஒன்று உண்டு. மலைப்பகுதி. ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்துக்கு 1 டிகிரி வீதம் தண்ணீர் கொதிக்கும் சூடு குறையும். 2000 மீட்டரில் 93 டிகிரியைச் சுற்றித்தான் கொதிக்கும். அங்கே திறந்த பானையில் செல்லாவை வேக வைக்கப் பொறுமை வேண்டும். செல்லாவுக்குப் பொதுவாகவே குக்கர் பரவாயில்லை. விசில் கணக்கு கொஞ்சம் முன்பின் ஆனாலும் தாங்கும்.

பாஸ்மதி இல்லாமல் மல்லிகை அரிசி என்று வரும் தாய்லாந்து அரிசி கையில் இருந்தால், இதுவரை சொன்னதில் பாதியை மறந்துவிடலாம். வாசனைச் சேர்மம் ஒன்றுதான், மாவின் குணம் வேறு. சோற்றை உதிரியாக வைக்கும் மாவுச்சத்து வகையான அமைலோஸ் பாஸ்மதியில் 20 முதல் 25 சதவீதம் இருக்கும். மல்லிகை அரிசியில் அதைவிடக் குறைவு என்பதால் மென்மையாக, ஒன்றோடொன்று லேசாக ஒட்டித்தான் இருக்கும். அதுதான் அதன் அழகு. ஊறவைக்க வேண்டாம். 1 கப்புக்கு ஒன்றேகால் கப் தண்ணீர் வைத்து ரைஸ் குக்கரில் போட்டால் போதும். அதை வடித்து உதிரியாக்கப் பார்ப்பது வீண் வேலை.

புது பாக்கெட் பிரித்தால் நான் செய்யச் சொல்வது இது. முதல் தடவை வடியுங்கள். எத்தனை நிமிடத்தில் பருக்கை மசிந்தது, எவ்வளவு நீண்டது, கஞ்சி திக்காக வந்ததா தெளிவாக வந்ததா என்று பார்த்துவிடலாம். கஞ்சி திக்காக இருந்தால் அரிசி புதுசு. அடுத்த தடவை வற்ற வைக்கும்போது தண்ணீரைக் குறைத்து வையுங்கள். தெளிவாக இருந்து, 7, 8 நிமிடம் ஆகியும் நறுக்கு மறையவில்லை என்றால் பழசு அல்லது செல்லா, தண்ணீரைக் கூட்டுங்கள். அந்த பாக்கெட் தீரும்வரை அளவு மாறாது.

மிஞ்சிய சோற்றைப் பற்றி ஒரு வார்த்தை. பாசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் விதைத்துகள்கள் அரிசியில் இருக்கலாம். கொதிநீரிலும் அவை சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாக வெளியே கிடந்தால் முளைத்துப் பெருகி நச்சை உண்டாக்கும். வாந்தியை வரவைக்கும் அந்த நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. ரைஸ் குக்கரை அணைத்துவிட்டு உள்ளேயே இரவு முழுக்க விடும் பழக்கம் இதனால்தான் வேண்டாம் என்பது. அகலத் தட்டில் பரப்பி ஆறவைத்து, 1, 2 மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். மறுநாள் அது விறைத்திருக்கும். மாவுச்சத்து குளிரில் இறுகுவதுதான் காரணம், கெட்டுப்போனதால் அல்ல. கொஞ்சம் தண்ணீர் தெளித்து, மூடி, ஆவி நன்றாக வரும்வரை சூடாக்கினால் இளகிவிடும். எண்ணெயில் வதக்கி ஃப்ரைட் ரைஸ் செய்யப் போகிறீர்கள் என்றால் தண்ணீர் தெளிக்காமல், விறைப்பாக இருக்கும்போதே விரலால் உதிர்த்து வாணலியில் போடுங்கள்.